கடைசிப் பையனைப் பார்த்துப் பயிற்சி கொடுங்கள்: பள்ளி ஃபுட்பால் கோச்சாகப் போகும் ஒரு தம்பிக்கு

"டெக்சாஸில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. சேர்ந்த கையோடு ஒன்பதாம் வகுப்பு ஃபுட்பால் அணிக்கு உதவி கோச்சாகவும் நிற்கச் சொல்லிவிட்டார்கள். நான் டிவியில் பார்த்ததோடு சரி, ஹெல்மெட்டைக் கையால்கூடத் தொட்டதில்லை. ஆகஸ்டில் பயிற்சி தொடங்குகிறது. உருப்படியாக ஒரே ஒரு அறிவுரை சொல்வதென்றால் எதைச் சொல்வீர்கள்?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

தம்பி, முதலில் வாழ்த்துகள். நானும் இப்படித்தான் உள்ளே வந்தேன். நான் கணக்கு வாத்தியார். சின்ன வயதில் கபடி ஆடியதைத் தவிர மைதானத்தோடு எனக்குச் சம்பந்தம் கிடையாது. டெக்சாஸில் பள்ளிப் போட்டிகளை நடத்தும் யு.ஐ.எல். அமைப்பின் விதிப்படி, கோச்சாக இருப்பவர் பொதுவாக அந்தப் பள்ளி மாவட்டத்தின் முழுநேர ஊழியராக இருக்க வேண்டும். அதனால் ஆள் குறைந்தால் ஆசிரியர்களில்தான் தேடுவார்கள். அப்படி மாட்டியவன் பதினான்கு வருடமாக ஒன்பதாம் வகுப்பு லைன்மேன்களோடு, அதாவது முன்வரிசையில் நின்று எதிரணியோடு மோதும் பையன்களோடு நிற்கிறேன். இன்றைக்கு யாராவது வேண்டாம் என்றாலும் விடமாட்டேன்.

நான் சொல்லும் ஒரே அறிவுரை இதுதான்: உங்கள் பயிற்சி நன்றாக இருக்கிறதா என்பதை அணியின் கடைசிப் பையனை வைத்துப் பாருங்கள். நன்றாக ஓடத் தெரிந்தவன், பந்தை நாற்பது கெஜம் வீசுகிறவன், இவர்கள் யார் கோச்சாக இருந்தாலும் ஆடிவிடுவார்கள். பெயர்ப்பட்டியலில் கடைசியில் இருப்பவன், வரிசையில் பின்னால் போய் நின்றுகொள்பவன், ஷூ லேஸ் அவிழ்ந்தது தெரியாமல் ஓடுகிறவன், அவனிடம்தான் உங்கள் வேலை தெரியும். வெயிலில் பெரும்பாலும் முதலில் தடுமாறுகிறவன் அவன்தான். பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்து வீழ்த்துவதுதான் டேக்கிள்; அதைத் தப்பாகச் செய்து கழுத்தை முறித்துக்கொள்ளக் கூடியவன் அவன். அணியின் ஆட்டத் திட்டங்கள் அடங்கிய பிளேபுக் தலைக்கு மேலே போய்விட்டால் அதை உங்களிடம் சொல்லாதவனும் அவன்தான்.

ஆட்டமே தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. உருண்டைப் பந்தைக் காலால் உதைக்கும் ஆட்டம் இல்லை இது. பக்கத்துக்குப் பதினொரு பேர், நூறு கெஜ மைதானம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து கெஜம் முன்னேறினால் இன்னொரு நான்கு வாய்ப்பு கிடைக்கும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போகும். ஒவ்வொரு வாய்ப்பும் ஐந்தாறு வினாடியில் முடிந்துவிடும். பெரிய பையன்கள் வெள்ளிக்கிழமை ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஆடுவார்கள், ஊரே வரும். உங்கள் ஒன்பதாம் வகுப்பு ஆட்டம் வார நடுவில் சாயங்காலம் நடக்கும். அப்பா அம்மாக்களும் பாட்டிகளும் மட்டும் வருவார்கள்.

முதலில் வெயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் டெக்சாஸ் வெயில் நம்மூர் கத்திரி வெயிலுக்குக் குறைந்ததில்லை. அதில் தலையை முழுக்க மூடும் ஹெல்மெட், தோளில் கனமான காப்புப் பேட். கோடை முழுக்க ஏசி அறையில் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்த நூறு கிலோ பையன் திடீரென்று வந்து ஓடுகிறான். 2001 ஆகஸ்ட் 1-ஆம் தேதி மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் கோரி ஸ்டிரிங்கர் வெப்பத்தாக்கில் இறந்தார். அவர் தொழில்முறை வீரர், வயது 27. அவர் பெயரில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் 2010-ல் ஒரு ஆய்வு நிறுவனம் தொடங்கினார்கள். அவர்கள் ஓயாமல் சொல்லும் பாடம் ஒன்று உண்டு: முதலில் உடம்பைக் குளிர வை, அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ.

பையன் தள்ளாடினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், காரணமில்லாமல் கோபப்பட்டால், அது களைப்பு என்று நினைத்து நிழலில் உட்கார வைத்துவிட்டுப் போகாதீர்கள். "வியர்க்கிறதே, அப்புறம் எப்படி வெப்பத்தாக்கு?" என்று சிலர் கேட்பார்கள். ஓடி விளையாடும்போது வரும் வெப்பத்தாக்கில் வியர்வை கொட்டிக்கொண்டுதான் இருக்கும். பேடைக் கழற்றி, ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியில் கழுத்து வரை இறக்கி, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் ஆம்புலன்சுக்குப் போன் செய்யட்டும். விழுந்த அரை மணி நேரத்துக்குள் உடம்பு குளிர்ந்துவிட்டால் பையன் பிழைத்துக்கொள்வான். அதனால் பயிற்சி தொடங்கும் முன்பே தொட்டி நிறைந்திருக்க வேண்டும். அவன் விழுந்த பிறகு குழாயைத் திறந்தால் நேரம் போதாது.

அத்லெட்டிக் டிரெய்னர் என்று ஒருவர் உங்கள் பள்ளியில் இருப்பார். ஜிம் டிரெய்னர் வேறு, இவர் வேறு. அடிபட்டவர்களைப் பார்க்கும் மருத்துவப் பயிற்சி பெற்றவர். போன முதல் நாளே அவரைப் போய்ப் பார்த்து அறிமுகம் செய்துகொள்ளுங்கள். அவர் நிறுத்து என்றால் நிறுத்துங்கள், தலைமைக் கோச் முறைத்தாலும் சரி. அவர்களுடைய தேசிய சங்கம் 2009-ல் வெளியிட்ட வழிமுறைப்படி, முதல் இரண்டு நாள் ஹெல்மெட் மட்டும், மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை ஹெல்மெட்டும் தோள் பேடும், ஆறாம் நாளிலிருந்துதான் முழு உடுப்பும் முழு மோதலும். வெயிலுக்கு உடம்பு பழகவே பத்துப் பதினான்கு நாள் ஆகும். 1954-ல் பேர் பிரையன்ட் என்ற கோச் டெக்சாஸ் ஏ அண்டு எம் கல்லூரி அணியை ஜங்ஷன் என்ற வறண்ட ஊருக்குக் கூட்டிப்போய், பத்து நாள் தண்ணீர்கூடச் சரியாகக் கொடுக்காமல் வாட்டினார். அதை வீரக்கதையாகச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் தண்ணீரைத் தண்டனையாகவோ பரிசாகவோ ஒருநாளும் ஆக்காதீர்கள். கேட்கும் பையனுக்குக் கேட்ட நேரத்தில் தண்ணீர் கொடுங்கள்.

அடுத்தது தலை. 1976-ல்தான் ஹெல்மெட்டால் முதலில் மோதுவதை விதியால் தடுத்தார்கள். அதற்குப் பிறகு கழுத்து முறிந்து கைகால் விளங்காமல் போகிற பையன்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் பதினான்கு வயதுப் பையனுக்கு பயம் வந்தால் கண் தானாக மூடிக்கொள்ளும், தலை குனிந்துவிடும். தலை குனிந்தால் உச்சந்தலைதான் முதலில் போய் முட்டும். கோச்சின் வேலையில் பாதி, அந்தத் தலையை நிமிர்த்தி வைப்பது.

கபடி ஆடியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது சுலபம். தொடையைப் பிடிக்கப் போகிறவன் எங்கே பார்ப்பான்? ரெய்டர் முகத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவான், இடுப்பைத்தான் பார்ப்பான். இங்கேயும் அதேதான். இடுப்பைப் பார், தோளைத் தொடையில் சேர், தலையை அவன் முதுகுப் பக்கம் கொண்டுபோ, இரண்டு கையாலும் காலைக் கட்டு. ரக்பி பாணி என்று சொல்லும் இந்த முறையைத்தான் சியாட்டில் சீஹாக்ஸ் என்ற தொழில்முறை அணியின் கோச்சாக இருந்த பீட் கேரல் 2014-ல் வீடியோவாகவே எடுத்துப் பள்ளிக் கோச்சுகளுக்கெல்லாம் கொடுத்தார். இதைச் சொல்லிக்கொடுக்க இரண்டு பேர் முட்டிக்கொள்ள வேண்டியதில்லை. முழங்காலில் நிற்க வைத்து, மெத்தை வளையத்தை உருட்டிவிட்டு, அதைப் பிடிக்கச் சொல்லுங்கள். முழு மோதலுக்கு டெக்சாஸில் ஒரு மாணவனுக்கு வாரத்துக்கு 90 நிமிடம்தான் அனுமதி. நான் அதில் பாதியைக்கூடச் செலவழிப்பதில்லை. இரண்டு பையன்களை எதிரெதிரே நிறுத்தி, சுற்றிலும் மற்றவர்கள் கத்த, யார் யாரைத் தள்ளுகிறான் என்று பார்க்கும் ஓக்லஹோமா டிரில் என்று ஒன்று உண்டு. அதை தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அணிகளே 2019-ல் விட்டுவிட்டன. யாராவது உங்களை நடத்தச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். அதில் மாட்டுகிறவன் எப்போதும் கடைசிப் பையன்தான்.

தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தால் அன்றைக்கு அவன் ஆட்டம் முடிந்தது. 2006-ல் வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயதுப் பையன் ஒருவன் தலையில் அடிபட்டும் அதே ஆட்டத்தில் திரும்ப இறங்கி, ஆட்டம் முடிந்ததும் சுருண்டு விழுந்தான். மூளையில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. லிஸ்டெட் சட்டம் என்று 2009-ல் அவன் பெயரிலேயே அங்கே சட்டம் வந்தது. இன்று எல்லா மாநிலத்திலும் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டம் தெரிந்திருந்தால் மட்டும் போதாது. பையன்கள் பொய் சொல்வார்கள். "ஐ'ம் குட், கோச்" என்று சொல்லிவிட்டு நீங்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் உள்ளே ஓடிவிடுவார்கள். அதனால் ஹெல்மெட்டை வாங்கி என் கையிலேயே வைத்துக்கொள்வேன். ஹெல்மெட் இல்லாமல் யாரும் மைதானத்தில் இறங்க முடியாது. முதல் தடவை அப்படி ஒரு ஹெல்மெட்டை இரண்டு மணி நேரம் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். பையன் பக்கத்திலேயே நின்று அழுதான். அவன் அம்மா மறுநாள் ஒரு டப்பா நிறைய குக்கீ கொண்டுவந்து கொடுத்தார்.

சி.பி.ஆர். சான்றிதழ் வாங்கியிருப்பீர்கள். அதோடு நிற்காமல், இதயம் நின்றால் மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. பெட்டி மைதானத்திலிருந்து எங்கே இருக்கிறது, அதை எடுக்க எத்தனை வினாடி ஆகிறது என்று ஒரு தடவை ஓடிப் பாருங்கள். 2023 ஜனவரி 2-ஆம் தேதி பஃபலோ பில்ஸ் வீரர் டமார் ஹாம்லின் நெஞ்சு நின்று விழுந்ததைக் கோடிப் பேர் பார்த்தார்கள். பக்கத்திலேயே ஆளும் கருவியும் இருந்ததால் பிழைத்தார்.

இனி ஆட்டம்.

முதல் வருடம் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். பத்துப் பையன்களை ஒரே வரிசையில் நிறுத்தி, முன்னால் ஒரு பிளாக்கிங் மெத்தையை வைத்து, ஒவ்வொருவனாக வரச் சொல்வேன். ஒவ்வொருவனும் முடித்ததும் நிறுத்தி அவன் தப்பை விளக்குவேன். வகுப்பறைப் பழக்கம்தானே. நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று பெருமையாக இருந்தது. ஒருநாள் இன்னொரு கோச் என் பயிற்சியைப் போனில் படம் எடுத்துக் காட்டினார். இருபது நிமிடத்தில் கடைசியில் நின்ற பையன் மெத்தையைத் தொட்டது மூன்றே தடவை. மற்ற நேரமெல்லாம் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் அவன் வரவில்லை. அவனைத் திரும்பக் கூப்பிட வீட்டுக்குப் போனேன், வரமாட்டேன் என்றுவிட்டான். அவன் முகம் இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து வரிசை என்பதே கிடையாது. இரண்டிரண்டு பேராக ஐந்து ஜோடி, எல்லாரும் ஒரே விசிலுக்கு அசைவார்கள். அதே இருபது நிமிடத்தில் ஒவ்வொருவனுக்கும் முப்பது தடவைக்கு மேல் கிடைக்கிறது. பேச வேண்டியதை நடக்கும்போதே ஐந்து சொல்லில் சொல்லிவிடுவேன். நீளமாகப் பேச வேண்டியதை ஹடல் வீடியோ போட்டு மறுநாள் அறையில் உட்கார்ந்து பேசலாம். ஆட்ட வீடியோ பார்க்க இன்று பெரும்பாலான பள்ளிகளில் அந்த ஹடல் மென்பொருள்தான்.

லைன்மேனுக்கு நான் முதல் இரண்டு வாரம் சொல்லிக்கொடுப்பது ஒரே ஒரு காலடி. கேட்க அற்பமாக இருக்கும். மூன்று ஊன்று நிலையில், அதாவது இரண்டு கால், ஒரு கை தரையில் ஊன்றி, பையன் குனிந்திருப்பான். பந்து அசைந்ததும் அவனுக்குள் இருக்கும் ஆவேசம் எல்லாம் சேர்ந்து ஒரு கெஜத்துக்குக் காலை நீட்டி வைப்பான். அப்போது ஒரு கால் அந்தரத்தில் இருக்கும். எதிரில் இருப்பவன் சும்மா கையால் தள்ளினாலே மல்லாந்துவிடுவான். ஆறு அங்குலம் போதும். புல்லில் வெள்ளை டேப் ஒட்டி, கட்டைவிரல் அதைத் தாண்டக் கூடாது என்பேன். முதல் அடி ஆறு அங்குலம், உடனே இரண்டாவது கால் தரையில். மோதல் வருவதற்குள் இரண்டு காலும் ஊன்றியிருந்தால், எண்பது கிலோ பையன் நூறு கிலோ பையனை நகர்த்துவான். போன வருடம் எங்களிடம் ஒரு பையன் இருந்தான், ஷூ சைஸ் பதினான்கு, தன் காலில் தானே தடுக்கி விழுவான். ஒன்பது நாள் அவன் டேப்பை மிதித்தான். பத்தாம் நாள் மெத்தையைப் பிடித்துக்கொண்டிருந்த என்னை இரண்டு கெஜம் பின்னால் தள்ளிவிட்டு, என்ன நடந்தது என்று புரியாமல் தன் காலையே பார்த்தான். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் நான் ஆகஸ்ட் வெயிலில் நிற்கிறேன்.

உங்களுக்குக் கொடுக்கும் பிளேபுக் தடிமனாக இருந்தால் பயப்படாதீர்கள், பாதியை மூடி வைக்கச் சொல்லித் தலைமைக் கோச்சிடம் பணிவாகக் கேளுங்கள். ஒன்பதாம் வகுப்புக்கு, பந்தோடு ஓடும் பிளே நாலு, பந்தை வீசும் பிளே மூன்று போதும். கலிஃபோர்னியாவில் கான்கார்டு நகரத்து டி லா சால் பள்ளி 1992-லிருந்து 2003 வரை ஒன்றுகூடத் தோற்காமல் தொடர்ந்து 151 ஆட்டம் ஜெயித்தது. கோச் பாப் லடூசர் வருவதற்கு முன்னால் அந்தப் பள்ளி தோற்றதைவிட அதிகமாக ஜெயித்த வருடமே கிடையாது. அவர் நம்பியது வீர் என்ற பழைய ஓட்டமுறையை. எதிரணிக்கு அது வருவது முன்கூட்டியே தெரியும், ஆனாலும் நிறுத்த முடியாது, ஏனென்றால் அத்தனை பேரும் முதல் காலடியை ஒரே நேரத்தில் வைப்பார்கள். அவர் பையன்கள் ஒவ்வொரு வாரமும் தான் இந்த வாரம் என்ன செய்வேன் என்று ஒரு அட்டையில் எழுதி, அதை இன்னொரு பையன் கையில் கொடுத்து, எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் செய்தானா இல்லையா என்று அந்த நண்பன் சொல்வான். நான் இதைக் காப்பியடித்தேன், வெட்கமே இல்லை. எங்கள் அட்டையில் "டச்டவுன் போடுவேன்", அதாவது பந்தை எதிரணி எல்லைக்குக் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பேன் என்று எழுதக் கூடாது. "ஒவ்வொரு பிளேயிலும் இரண்டாவது கால் ஊன்றுவேன்" மாதிரி, அவன் கையில் இருப்பதை மட்டும் எழுத வேண்டும்.

வீச்சு ஆட்டத்திலும் இதே கதைதான். ஹால் மம்மி 1980-களில் டெக்சாஸின் காப்பரஸ் கோவ் பள்ளியில் கோச்சாக இருந்தவர். அவரும் மைக் லீச்சும் சேர்ந்து பிற்பாடு கல்லூரியில் உருவாக்கிய ஏர் ரெய்டு முறை வெளியிலிருந்து பார்த்தால் பெரிய வித்தையாகத் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் கொஞ்சம் பிளேக்களைத் தினமும் செய்து செய்து கைப்பழக்கம் ஆக்கியதுதான். அர்கான்சாவின் புலாஸ்கி அகாடமியில் கெவின் கெல்லி என்பவர் நாலாவது வாய்ப்பில் பந்தை உதைத்துக் கொடுக்கும் பண்ட்டையே ஏறக்குறைய கைவிட்டு, ஒன்பது மாநிலப் பட்டம் வாங்கினார். கணக்கு வாத்தியாரான எனக்கு அவர் கணக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அது தலைமைக் கோச்சின் முடிவு, நீங்கள் முதல் வருடம் அதில் தலையிட வேண்டாம்.

நீங்கள் வாத்தியார் என்பதைக் குறையாக நினைக்காதீர்கள். வின்ஸ் லொம்பார்டி என்.எஃப்.எல்-இல் பேர் வாங்குவதற்கு முன் 1939-லிருந்து 1947 வரை நியூ ஜெர்சியில் ஒரு பள்ளியில் இயற்பியல், வேதியியல், லத்தீன் சொல்லிக்கொடுத்துக்கொண்டே கோச்சாக இருந்தவர். டெக்சாஸில் 1984-லிருந்து தேறாதவன் ஆடக் கூடாது என்ற சட்டம் இருக்கிறது. எழுபதுக்குக் கீழே மார்க் வாங்கினால் குறைந்தது மூன்று வாரம் போட்டியில் இறங்க முடியாது. பயிற்சிக்கு மட்டும் வரலாம். மற்ற கோச்சுகளைவிட உங்களுக்கு இதில் வசதி அதிகம். வாரத்தில் இரண்டு நாள் பயிற்சிக்கு முன்னால் அரை மணி நேரம் அறிவியல் வீட்டுப்பாடத்தோடு உட்காருங்கள். பையனுக்கு ஆடும் ஆசை இருக்கும்வரை படிப்பான்.

பெற்றோர் விஷயம் சுருக்கமாக. "என் பையனை ஏன் இறக்கவில்லை?" என்று கேட்பார்கள். ஆட்டம் முடிந்து 24 மணி நேரம் கழித்துப் பேசலாம் என்று சீசன் தொடங்கும் முன்பே சொல்லி வையுங்கள். அதைவிட முக்கியம், ஒன்பதாம் வகுப்பில் எல்லாரையும் ஆட வைப்பது. பள்ளியில் ஆடுகிறவர்களில் கல்லூரியில் ஆடப்போவது நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். மீதித் தொண்ணூற்று சொச்சம் பேருக்கு இந்த நாலு வருடம்தான் மொத்த ஃபுட்பாலும். பெஞ்சில் உட்கார்ந்தே அதைத் தீர்க்கக் கூடாது. நம்மூர்க் குடும்பத்துப் பையன் யாராவது ஆட வந்தால், அம்மா தனியாக வந்து "தலையில் அடி படுமா சார்?" என்று கேட்பார். படலாம் என்றே சொல்லுங்கள். படாமலிருக்க என்ன செய்கிறீர்கள், பட்டால் என்ன செய்வீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். என்னிடம் கேட்ட அம்மாக்களில் சிலர் பையனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அது அவர்கள் முடிவு, நான் தடுத்ததில்லை.

ஜூலை கடைசியில் ஹெல்மெட் கொடுக்கும் நாள் வரும். அன்றைக்கு அவசரப்படாதீர்கள். புருவத்துக்கு மேலே ஒரு அங்குலம் இடம் விட்டு உட்கார வேண்டும். இரண்டு கையாலும் ஹெல்மெட்டைப் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். நெற்றித் தோலும் கூடவே அசைந்தால் சரியான அளவு, தோல் நின்று ஹெல்மெட் மட்டும் திரும்பினால் பெரிதாக இருக்கிறது. நாற்பது பேருக்குப் பார்க்கும்போது முப்பதாவது பையனுக்கு வரும்போது உங்களுக்குச் சலித்துவிடும், மற்றவர்கள் கிளம்பிக்கொண்டிருப்பார்கள், அளவான ஹெல்மெட்டும் தீர்ந்திருக்கும். கடைசிப் பையன் கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு "இட்ஸ் ஃபைன், கோச்" என்பான். அவனைப் போகவிடாமல் உட்கார வையுங்கள். ஸ்டோர் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் அந்த ஐஸ் தொட்டிக்குக் குழாய் எட்டுகிறதா என்றும் பாருங்கள். எங்கள் பள்ளியில் எட்டவில்லை, ஐம்பது அடி ஹோஸ் ஒன்று நானே வாங்கினேன்.